நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் ஜிம்முக்கு: திருகோணமலையில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜிம்மை விட்டு ஆறு மாதமோ ஆறு வருடமோ விலகியிருந்த ஒருவர் மறுபடியும் தொடங்கும்போது, அவரைக் காயப்படுத்துவது பெரும்பாலும் பழைய எடைகளைப் பற்றிய நினைவுதான். முன்பு 80 கிலோவைத் தோளில் தாங்கி ஸ்குவாட் செய்தவருக்கு 40 கிலோவில் நிற்பது குறைச்சலாகத் தோன்றுகிறது. முதல் நாளிலேயே 60 கிலோவைப் போடுகிறார். தசை அதைத் தூக்கியும் விடுகிறது. அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது, நான்காம் நாள் முழங்காலில் நோ தொடங்குகிறது, இரண்டாம் கிழமையில் வரவு நின்றுவிடுகிறது. இப்படி நின்றுபோகும் பலருக்கு மனவுறுதி குறைவென்று சொல்வது அநியாயம். அவர்கள் தொடங்கிய எடைதான் பிழை.

திருகோணமலையில் இந்த இடைவெளி பல வழிகளில் வருகிறது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில் தமக்கென்று ஒரு மாலை கிடைப்பதே அரிது. மத்திய கிழக்கில் சில வருடங்கள் வேலை செய்து திரும்பியவர்கள், குழந்தை பிறந்த பின் உடலை மீட்க விரும்பும் தாய்மார், சீனி வருத்தம் என்று தெரிந்ததும் உடற்பயிற்சி செய்யும்படி மருத்துவர் சொன்ன நடுவயதினர் என ஒவ்வொருவரும் வெவ்வேறு நிலையிலிருந்து திரும்புகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான படிகளைக் கீழே தருகிறேன். வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப எங்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உடலில் எது குறைந்திருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது

பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது மூச்சுத்திறன். இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்குவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு குறைகிறது. அதனால் இரண்டு மூன்று கிழமைகளுக்குள் பழைய வேகத்தில் ஓடுவதற்கு இதயம் முன்னைவிட வேகமாக அடிக்க வேண்டியதாகிறது. தசைவலிமை இவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஒழுங்காகப் பயிற்சி செய்து வந்தவருக்கு முதல் மூன்று நான்கு கிழமைகளில் அது பெரிதாகக் குறைவதில்லை; அதற்குப் பிறகே மெல்லமெல்ல இறங்குகிறது.

இழந்தது திரும்பி வரும் வேகம் நம்பிக்கையூட்டுவது. எடைப்பயிற்சியால் தசை வளரும்போது அதன் நார்களுக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை பின்னர் மெலிந்தாலும் அந்த உட்கருக்கள் நீண்ட காலம் அழியாமல் இருப்பதை ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் எலிகளில் காட்டினார்கள். மனிதரிலும் அவ்வாறேயா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் திரும்பி வருபவர் புதியவரைவிட வேகமாக முன்னேறுகிறார் என்பதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 10 கிழமை பயிற்சி செய்து, 10 கிழமை முற்றாக நிறுத்தி, மறுபடியும் 10 கிழமை செய்தவர்கள், இடைவிடாமல் 20 கிழமை செய்தவர்களுக்கு இணையான வலிமையை இறுதியில் அடைந்தார்கள். நிறுத்திய காலத்தில் இழந்ததை மீட்க அவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து கிழமைகளே தேவைப்பட்டன.

ஆனால் இந்த வேகத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. தசைக்கு இரத்தவோட்டம் அதிகம். அது கிழமைக் கணக்கில் மீள்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்தவோட்டம் குறைவு. அவை மாதக் கணக்கில்தான் உறுதியடைகின்றன. ஆகவே மூன்றாம் நான்காம் கிழமையில், “பழைய பலம் வந்துவிட்டது” என்று தோன்றும் அந்த நேரத்தில், தசை தூக்கத் தயாராக இருக்கும். முழங்கையும் தோளும் முழங்காலும் தாங்கத் தயாராக இருக்கமாட்டா. இந்த வழிகாட்டியில் வரும் கட்டுப்பாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு காரணத்துக்காகவே சொல்லப்படுகின்றன.

முதலாம் படி: மருத்துவ சோதனை

35 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெற்றோருக்கோ சகோதரருக்கோ இருதய நோய் இருந்தவர்கள், ஜிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரத்த அழுத்தத்தையும் வெறுவயிற்றுச் சீனியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரச மருத்துவமனைகளுடன் சேர்ந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இந்தச் சோதனைகளை இலவசமாகச் செய்கிறார்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல், தலைசுற்றி விழுதல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் அண்மையில் இருந்திருந்தால், வயது எதுவாயினும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

பிரஷர் 180/110ஐத் தொட்டிருக்கும் நாளில் எடை தூக்கக் கூடாது. அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பயிற்சி. அட்டெனொலோல், பிசொபிரொலோல் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு உயராதவாறு அம்மருந்துகளே தடுப்பதால், ட்ரெட்மில் காட்டும் துடிப்பு எண்ணை வைத்து உழைப்பை அளவிட முடியாது. மூச்சை வைத்தே அளவிட வேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ சில மணி நேரம் கழித்தோ சீனி மிகவும் இறங்கிவிடக்கூடும். அவர்கள் தொடங்குமுன் சீனியைப் பார்த்து, 90 mg/dLக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு பாணோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவதும், பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருப்பதும் அவசியம்.

டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது மாவட்டத்தில் அது பழகிப்போன நோய். காய்ச்சல் விட்டதும் உடல் தேறிவிட்டதென்று எண்ணி எடை தூக்கப் போவது தவறு; இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியதை இரத்தச் சோதனையில் உறுதிசெய்து, களைப்பு நீங்கிய பிறகு, நடையிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தை பெற்ற தாய்மார் ஆறாம் கிழமைச் சோதனையில் மருத்துவரிடம் அனுமதி பெற வேண்டும். சத்திரசிகிச்சை மூலம் பிரசவித்தவர்களுக்குக் காலம் இன்னும் நீளலாம். தூக்கும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிந்தால் இடுப்பின் அடித்தளத் தசைகள் இன்னும் தேறவில்லை என்று பொருள். அதை வெட்கப்பட்டு மறைக்காமல் எடையைக் குறைத்து, பிசியோதெரபி செய்பவரிடம் கேட்பது நல்லது.

இரண்டாம் படி: ஜிம்முக்கு முன் இரண்டு கிழமை நடை

மூன்று மாதத்துக்கு மேல் முற்றாக ஓய்ந்திருந்தவர்கள் ஜிம்முக்குப் போகுமுன் இரண்டு கிழமை நடப்பது, எந்தக் கருவியும் தராத அடித்தளத்தைத் தரும். நாளுக்கு 20 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம் வரை உயர்த்தலாம். டச்சு பே கடற்கரையின் மணலில் நடப்பது கெண்டைக்கால் தசைக்குக் கடினமான வேலை என்பதால், முதல் கிழமை தார் வீதியிலேயே நடந்து, பிறகு மணலுக்கு மாறுவது நல்லது.

உங்கள் மூச்சுத்திறனை அளவிட ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாயிலுக்குள் நுழைந்து, மான்கள் நிற்கும் மரநிழலைக் கடந்து, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் வழமையான வேகத்தில் நடந்து பாருங்கள். ஏறும்போது கூட வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிந்தால் அந்த உழைப்பு உங்களுக்கு மிதமானது. மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அது உங்களுக்குக் கடுமையானது. கோயில் வரை நிற்காமல் ஏறி, மேலே போனதும் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகும் நிலைக்கு வந்தவர் ஜிம் பயிற்சிக்குத் தயார். அவ்வாறு முடியாதவர் இன்னும் ஒரு கிழமை நடக்கட்டும். அதனால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

மூன்றாம் படி: நேரமும் வெக்கையும்

ஜிம்மைத் தெரிவுசெய்வதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ பத்து நிமிடத்தில் போகக்கூடியதாக இருப்பதும், பெண்களாயின் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இருப்பதும், முதல் மாதத்தில் உங்கள் நிற்கும் நிலையையும் தூக்கும் முறையையும் பார்த்துத் திருத்த ஒரு மாஸ்டர் அருகில் இருப்பதும் போதும். ஒரு வருடக் கட்டணத்தை ஒன்றாகக் கட்டினால் கழிவு தருகிறோம் என்பார்கள். முதல் மூன்று மாதமும் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள்.

நேரத்தைத் தெரிவுசெய்வதில்தான் நமது ஊரின் காலநிலையைக் கணக்கிலெடுக்க வேண்டும். சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை வெயில் கடுமை. அதற்குள் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றே அனலாக இருக்கும், வியர்வை தோலில் தெரியாமலே உலர்ந்துவிடும். மின்விசிறி மட்டுமுள்ள தகரக் கூரைக் கட்டடத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் பயிற்சி செய்வது, இடைவெளிக்குப் பின் வருபவருக்கு எடையைவிடப் பெரிய சுமை. காலை ஏழு மணிக்குமுன் அல்லது மாலை ஆறு மணிக்குப்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெக்கையில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை எடுக்கும். குளிரூட்டிய அறையில் வேலை செய்பவர்களுக்கும் குளிர்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இது முழுமையாகப் பொருந்தும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்குத் துல்லியமான வழி தராசுதான். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, நிறையைப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் உடல் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரை இழந்திருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் வரை சிறிது சிறிதாகக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரும் அதன்பின் உப்புள்ள வழமையான சாப்பாடும் போதும். இளநீர் நல்லது, ஆனால் சிறுநீரக நோயாளர்கள் அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. பயிற்சியின் நடுவில் தலையிடி, குமட்டல், உடல் சிலிர்ப்பு, பேச்சுக் குழறல் வந்தால் அது வெக்கைத் தாக்கம். உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து, விசிறிக் குளிரச் செய்து, தெளிவு குறைந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

நான்காம் படி: முதல் நாள்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், காயமடைந்த அமெரிக்கப் படையினரின் முழங்கால்களைத் தேற்ற முயன்ற இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம், எடையைப் படிப்படியாக ஏற்றும் முறையை 1945இல் எழுதி வெளியிட்டார். பின்னர் அதைச் சுருக்கி, பத்துத் தடவை தூக்கக்கூடிய உச்ச எடையின் அரைப்பங்கில் ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று), முக்காற்பங்கில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட் என்று அமைத்தார். நோயாளர்களுக்காகப் பிறந்த முறை என்பதாலேயே அது திரும்பி வருபவர்களுக்கு மிகவும் பொருந்துகிறது. நாம் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றுதான்: “முழு எடை” என்பதை இன்றைய உடலுக்கு ஏற்ப வைத்துக்கொள்வது.

மூன்று மாதம் வரை இடைவெளி விட்டவர்கள் பழைய எடையின் அறுபது சதவீதத்தையும், ஒரு வருடம் வரை விட்டவர்கள் பாதியையும், அதற்கு மேற்பட்டவர்கள் பிளேட் மாட்டாத வெறும் பாரையும் அல்லது அங்குள்ள மிக இலேசான டம்பெல்லையும் முதல் நாளின் உச்சமாகக் கொள்ளலாம். இது எனது பரிந்துரை; மாஸ்டர் இதைவிடக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள், கூட்டச் சொன்னால் அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். வாங்கில் மல்லாந்து படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் முன்பு 60 கிலோவைப் பத்துத் தடவை தூக்கியவர், எட்டு மாதம் கழித்து வருகிறார். முதலில் அந்த பார் எவ்வளவு நிறை என்று கேட்க வேண்டும். 20 கிலோ பாரும் அதைவிட இலேசான பாரும் ஒரே ஜிம்மில் கலந்திருக்கும், கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. 20 கிலோ பாராயின், அதை வெறுமையாகவே பத்துத் தடவை தூக்குகிறார். இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, இரண்டு பக்கமும் 2.5 கிலோ பிளேட் போட்டு 25 கிலோவில் எட்டுத் தடவை. மறுபடியும் இரண்டு நிமிடம். பிறகு பக்கத்துக்கு 5 கிலோவாக மாற்றி 30 கிலோவில் எட்டுத் தடவை. எட்டாவது தடவையில் பார் முதலாவது தடவை போலவே மேலே போகிறது. இன்னும் நான்கைந்து தடவை முடியும் என்று தெரிகிறது. அந்த இடத்தில் பாரைக் கொக்கியில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மிச்சம் வைத்த அந்த நான்கைந்து தடவையே நாளை மறுநாள் அவரை மீண்டும் வரவைக்கும்.

பாரை இறக்கும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் ஒரு கணத்தில் மிக உயர்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஐந்தாம் படி: முதல் நான்கு கிழமைகள்

கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு, ஒரு தடவைக்கு 45 முதல் 60 நிமிடம். நெஞ்சுக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று பிரிக்கும் பழைய அட்டவணையை இந்தக் காலத்தில் எடுக்க வேண்டாம். ஒரே தசைக்கு ஒரே நாளில் பதினைந்து இருபது செட் கொடுப்பது, பழக்கம் விட்டுப்போன தசையைக் கிழமை முழுவதும் உளைய வைக்கும். ஒவ்வொரு நாளும் முழு உடலுக்கும் சிறிது சிறிதாக வேலை கொடுப்பதே இப்போது பொருத்தம்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் நடை அல்லது சைக்கிள். பிறகு தோள், இடுப்பு, கணுக்கால் மூட்டுகளைச் சுழற்றி இளக்குதல். அதன்பின் ஐந்து அசைவுகள்: உட்கார்ந்து எழும் ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், தள்ளும் பெஞ்ச் பிரஸ், இழுக்கும் லாட் புல்டவுன் அல்லது ரோயிங், இடுப்பை மடக்கித் தூக்கும் இலேசான டெட்லிஃப்ட், இறுதியாக முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க். முதல் கிழமை ஒவ்வொன்றிலும் உச்ச எடையில் ஒரு செட், இரண்டாம் கிழமை இரண்டு செட், மூன்றாம் நான்காம் கிழமைகளில் மூன்று செட். எடையை இரண்டாம் கிழமை முடியும்வரை ஏற்றவே கூடாது. மூன்றாம் கிழமையிலிருந்து, பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்ட அசைவில் மட்டும், மேலுடம்புக்கு 2.5 கிலோவும் கால்களுக்கு 5 கிலோவும் கூட்டலாம்.

ஸ்குவாட்டில் உறுதியில்லாதவர்கள் ஒரு கதிரையை வைத்துத் தொடங்கலாம். கதிரை நுனிக்கு ஒரு சாண் முன்னால், கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, பாதத்தைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி நில்லுங்கள். முதலில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பிறகு முழங்காலை மடக்கி, கதிரையின் விளிம்பை உடல் தொட்டதும் நிறையை அதில் விடாமல் எழும்புங்கள். முழங்கால்கள் உள்பக்கமாகச் சரிகின்றனவா, குதிக்கால் நிலத்திலிருந்து கிளம்புகிறதா என்று பக்கத்தில் நிற்பவர் பார்க்கட்டும். சப்பாத்தின் அடி மெத்தென்று தடித்திருந்தால் இந்த அசைவில் பாதம் ஆடும். தட்டையான அடியுள்ள சப்பாத்தே ஸ்குவாட்டுக்கு நல்லது. இவ்வாறு பதினைந்து தடவை ஆட்டமில்லாமல் வந்த பின்பே டம்பெல்லைக் கையில் எடுக்க வேண்டும்.

எடையில்லாத நாட்களில் நடையைத் தொடருங்கள். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். முதல் மாதத்திலேயே அதை எட்ட வேண்டியதில்லை, மூன்றாம் மாதத்துக்குள் எட்டினால் போதும்.

ஒரு சாதாரண நாற்பது பக்கக் கொப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, அசைவு, எடை, தடவை, “இன்னும் எத்தனை முடிந்திருக்கும்” என்ற மதிப்பீடு ஆகியவற்றை ஒவ்வொரு செட்டுக்குப் பிறகும் எழுதுங்கள். நினைவு எப்போதும் பழைய எடையைக் காட்டி ஆசைகாட்டும். கொப்பி போன கிழமை உண்மையில் நடந்ததைக் காட்டும்.

ஆறாம் படி: உளைவையும் நோவையும் பிரித்தறிதல்

இடைவெளிக்குப் பின் வருபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பகுதி இது. பயிற்சிக்குப் பின் தசை உளைவது பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகே தெரியத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் நீங்கும். லக்டிக் அமிலம் தேங்குவதால் இது வருகிறதென்று பலரும் சொல்வார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. உளைவுக்குக் காரணம் தசையின் நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் திருத்தும்போது வரும் அழற்சியும்தான். எடையைத் தாங்கியபடி இறக்கும் பகுதியில் இந்தச் சேதம் அதிகம். அதனால்தான் மலை ஏறுவதைவிட இறங்குவது அடுத்த நாள் தொடையைப் பிடிக்கிறது. ஒரு தடவை உளைந்த தசை, அதே வேலையை மறுபடியும் செய்யும்போது மிகக் குறைவாகவே உளையும். இந்தப் பாதுகாப்பு பல கிழமைகளுக்கு நீடிக்கும். ஆகவே முதல் கிழமையில் ஒரு செட்டோடு நிறுத்துவது, அடுத்த கிழமைகளுக்கான தடுப்பூசி போன்றது.

உளைவு இரண்டு பக்கமும் ஒரே அளவில், தசையின் நடுவில், அழுத்தினால் தெரிவதாக இருக்கும். சற்று நடந்ததும் இளகும். இந்த நிலையில் இலேசான பயிற்சி செய்யலாம். ஒரு பக்கம் மட்டும், மூட்டுக்குள்ளோ மூட்டை ஒட்டியோ, குத்துவது போல வந்தால் அது நோ. அந்த அசைவை அன்றே நிறுத்த வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் சில அடிகளில் குதிக்காலிலோ முழங்காலின் கீழோ பிடித்து, நடக்க நடக்கக் குறைந்து, மறுநாள் காலை மறுபடியும் வந்தால் தசைநாண் அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்று பொருள். எடையைப் பாதியாக்கி இரண்டு கிழமை பாருங்கள். நாரியில் தொடங்கி ஒரு காலுக்குள் மின்சாரம் போல இறங்கும் நோவுக்கும், கால் விறைப்புக்கும் மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லி யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

சிறுநீர் கடும் தேயிலைச் சாயம் போல அல்லது கோலா போலக் கறுத்துப் போவது, தசை வீங்கி இறுகுவது, கையை மடக்கவோ நீட்டவோ முடியாமல் போவது ஆகியன தசை உடைந்து அதன் புரதம் இரத்தத்தில் கலந்துவிட்டதற்கான அறிகுறிகள். அந்தப் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடக் கூடியது. நீண்ட ஓய்வுக்குப் பின் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஸ்குவாட் செய்தவர்களுக்கும், வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்தவர்களுக்கும் இது வருகிறது. வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏழாம் படி: சாப்பாடும் நித்திரையும்

தசை மீள்வதற்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். நமது சாப்பாட்டில் சோறும் பிட்டும் இடியப்பமும் நிறைந்து, புரதம் ஓரத்தில் ஒரு கரண்டிக் கறியாக நின்றுவிடுகிறது என்பதே இங்குள்ள குறை. அதைச் சரிசெய்ய விலை கூடிய டின் பவுடர் தேவையில்லை. காலையில் இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம். அவித்த பாசிப்பயறு ஒரு கோப்பையில் 14 கிராம். மத்தியானம் 100 கிராம் மீனில் 20 கிராமுக்கு மேல். அவித்த பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம். இரவில் ஒரு கோப்பை எருமைத் தயிரில் 8 கிராம். கூட்டினால் 72 வந்துவிடுகிறது. கீரி, சூடை போன்ற சிறு மீன்கள் விலை கூடிய பாரைக்கும் அறக்குளாவுக்கும் புரதத்தில் குறைந்தவை அல்ல. சைவமாக உண்பவர்கள் கடலை, கௌபி, சோயா மீற் ஆகியவற்றை நாளுக்கு இரண்டு நேரமாவது சேர்க்க வேண்டும்.

பதவிசிறிபுர முதலிய பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால், அங்கிருந்து வருபவர்களும் குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டுவதற்கோ தசைப்பலத்துக்காக விற்கப்படும் கிரியேட்டின் பவுடரை எடுப்பதற்கோ முன், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான ‘கிரியேட்டினின்’ இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க வேண்டும். “மூன்று கிழமையில் பழைய உடம்பு” என்று சொல்லி விற்கும் ஊசியையும் பெயரில்லா மாத்திரையையும் யார் தந்தாலும் தொடாதீர்கள். இருதயமும் ஈரலும் அதற்கு விலை கொடுக்கும்.

நோன்பு காலத்தில் பயிற்சியை நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்; புதிதாகத் திரும்பியவராயின் அந்த மாதம் எடையை ஏற்றாமல் இருந்த இடத்தில் காப்பதே போதும். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருப்பவர்கள் எடையைத் தொடாமல் இலேசான நடையோடு நிற்கட்டும். ஏழு மணி நேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். இரவு வேலை முடிந்து நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய நாளில் ஜிம்மைத் தவிர்ப்பது தவறல்ல.

எட்டாம் படி: ஐந்தாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரை

நான்கு கிழமை நோவின்றி முடித்தவர்கள், இதுவரை நான்கைந்து தடவை மிச்சம் வைத்ததை இரண்டு மூன்றாகக் குறைக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை எடையைக் கூட்டலாம். ஆனால் ஒரே கிழமையில் எடையையும் செட்டையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. எட்டாம் கிழமையில் எல்லா அசைவிலும் செட்டைப் பாதியாக்கி ஒரு கிழமை இலேசாகச் செய்யுங்கள். தசைநாண்கள் எட்டிப்பிடிப்பதற்கான அவகாசம் அது. 50 வயதைத் தாண்டியவர்கள் இதை ஒவ்வொரு நான்காம் கிழமையும் செய்தால் மூட்டுகளுக்கு நல்லது. பழைய எடையைப் பன்னிரண்டாம் கிழமைக்குமுன் தொட முயல வேண்டாம் என்பது எனது உறுதியான கருத்து; அதற்கு முன்பே முடியும் என்று தோன்றினாலும் சரி.

ஒன்பதாம் படி: நாட்கள் தவறும்போது

ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றோடு மழை வரும். வீதியில் வெள்ளம் நிற்கும் நாட்களில் யாரும் ஜிம்முக்குப் போக முடியாது. பெற்ற வலிமையைக் காப்பதற்கு, பெறுவதற்கு வேண்டிய உழைப்பில் ஒரு சிறு பங்கே போதும்: எடையைக் குறைக்காமல் கிழமைக்கு ஒரு தடவை முழு உடலுக்கும் செய்தாலே பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்கள் அது நிற்கும். முதியவர்களுக்கு இரண்டு தடவை தேவைப்படலாம். ஹோட்டல் சீசனில் வேலை செய்பவர்களும் மாதத்தில் நான்கு மாலைகளை மட்டும் இதற்காகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். அதுவும் இயலாத கிழமைகளில் வீட்டில் கதிரை ஸ்குவாட், சுவரிலோ நிலத்திலோ தண்டால், பிளாங்க், புத்தகங்கள் நிரப்பிய பையை இடுப்பு வரை இழுத்தல் ஆகியவற்றைச் செய்யலாம்.

திரும்பி வரும் நாளில், தவறியது ஒரு கிழமையாயின் விட்ட எடையிலேயே தொடருங்கள். இரண்டு மூன்று கிழமையாயின் எடையை ஐந்திலொரு பங்கு குறைத்து, ஒரு செட்டையும் கழித்து, இரண்டு கிழமைக்குள் பழைய இடத்துக்கு வாருங்கள். காய்ச்சலால் தவறியிருந்தால், காய்ச்சல் விட்டுச் சாப்பாடும் நித்திரையும் வழமைக்கு வந்த பிறகே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலாயின் கொப்பியில் கடைசியாக எழுதிய எடையைப் பார்த்து, அதன் அறுபது சதவீதத்தோடு நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள்.